பஞ்சுக் குச்சி பெற்றெடுத்த கொலைகாரி!

ஐரோப்பாவின் நடுவே ஒருத்தி நடமாடினாளாம். அவள் முகத்தைக் கண்டவர் இல்லை. குரலைக் கேட்டவர் இல்லை. ஆயினும் அவளைத் தேடிக் காவற்படைகள் அலைந்தன. 1993-இல் இடார்-ஓபர்ஸ்டைன் நகரில் கொலையுண்ட மூதாட்டி வீட்டுக் கோப்பையில் அவள் அடையாளம்! 2001-இல் ஃப்ரைபர்க் நகரில் கொலையுண்ட முதியவர் வீட்டில் அவள் அடையாளம்! கடித்தெறிந்த பிஸ்கட்டில், போதை மருந்து ஏற்றிய ஊசியில், பிரான்சு நாட்டில் கிடந்த பொம்மைத் துப்பாக்கியில், எங்கும் அவள்! 2007 ஏப்ரல் 25 அன்று ஜெர்மனியின் ஹைல்பிரான் நகரில் 22 வயதுப் பெண் காவலர் ஒருவர் பட்டப்பகலில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவருடைய காவல் வண்டியிலும் அவளே! மூன்று நாடுகள், ஏறத்தாழ 40 குற்றக்களங்கள், தலைக்கு விலை 3,00,000 யூரோ!

யார் அந்த மாயக்காரி? 2009 மார்ச்சில் திரை விலகிற்று. எரிந்த நிலையில் கிடைத்த ஓர் ஆணின் உடலை அடையாளம் காண, அவன் முன்னர் அளித்த விண்ணப்பத்தாளின் விரல் ரேகையைத் துடைத்தெடுத்துச் சோதித்தனர். ஆணின் ரேகையிலிருந்து அதே பெண் எழுந்து வந்தாள்! அப்போதுதான் அதிகாரிகள் கையிலிருந்த கருவியை உற்றுப் பார்த்தனர். குற்றவாளி கொலைக்களத்தில் இல்லை, தோழர்களே! தடயம் எடுக்கும் பஞ்சுக் குச்சியில் இருந்தாள். குச்சியை உறையிலிட்ட தொழிலாளப் பெண் ஒருத்தியின் உடல் அணுக்கள்தாம் நாற்பது இடங்களிலும் ‘குற்றம்’ புரிந்திருந்தன! வேறு இடத்தில் குச்சி வாங்கிய பவேரியா மாநிலத்தில் மட்டும் அந்த மாயக்காரி கால் வைக்கவே இல்லை என்பதையும் அதன்பிறகே எண்ணிப் பார்த்தனர்.

நாடகத்துக்கு நல்ல கதை என்று சிரித்துவிட்டுப் போகலாமா? போகலாம், அந்தக் காவலரின் உண்மைக் கொலைகாரர்கள் யார் என்று அறியாதவரை! 2011 நவம்பரில் அது வெளிப்பட்டது. பிறநாட்டிலிருந்து வந்து உழைத்துப் பிழைத்தோரைக் குறிவைத்துக் கொன்ற நவநாஜிக் கும்பல் அது. பத்து உயிர்களைப் பறித்த கும்பல்! கொலைகாரர் இனவெறியர், அவர்களைத் தேடவேண்டிய விசாரணையோ ரோமா மக்கள் மீதும் ஊர்விட்டு ஊர் செல்லும் ஏழைகள் மீதும் ஐயப்பார்வையைத் திருப்பியது. இல்லாத ஒருத்தியைத் தேடினர், இருந்தவர்களைத் தவறவிட்டனர். ஒரு பஞ்சுக் குச்சியின் அழுக்கும் உள்ளத்தின் அழுக்கும் கைகோத்துக்கொண்டால் நீதி எங்கே நிற்கும்?

“குச்சி கிருமி நீக்கப்பட்டதாயிற்றே!” என்பார்கள். ஆம், கிருமி நீக்கப்பட்டதுதான். கிருமியைக் கொல்வது வேறு, டி.என்.ஏ.வை அகற்றுவது வேறு. கிருமி செத்தாலும், மனிதத் தோலிலிருந்து உதிர்ந்த அணுவின் டி.என்.ஏ. சாவதில்லை, இழை இழையாக அங்கேயே கிடக்கும். ஆய்வுக்கூடத்தில் நடப்பதென்ன? அணுவை உடைக்கிறார்கள், புரதத்தைக் கரைக்கிறார்கள், டி.என்.ஏ.வைப் பிரித்துக் கழுவி எடுக்கிறார்கள். பின்னர் அதை இரண்டாக, நான்காக, எட்டாகப் பெருக்குகிறார்கள். 30 சுற்று முடிந்தால் ஒரு துணுக்கு நூறு கோடியைத் தாண்டுகிறது! அந்தப் பெருக்கத்துக்குக் கொலைகாரனின் துணுக்கும் ஒன்றுதான். குச்சி கட்டிய கையின் துணுக்கும் ஒன்றுதான். விதைத்ததைப் பெருக்கும் வயல் அது; விதைத்தவர் யார் என்று கேட்காது.

ஆர்.என்.ஏ.வின் கதை வேறு. அது அனிச்சத்தினும் மெல்லியது. அதை அரித்துத் தின்னும் நொதி நம் விரல் நுனியிலேயே உண்டு. கையுறையின்றித் தொட்டாலும், குளிரூட்டாமல் காலம் கடத்தினாலும், மாதிரியில் இருந்தது மறைந்துபோகும். டி.என்.ஏ. இல்லாதவனை இருப்பதாகக் காட்டிச் சிறைக்கு அனுப்பலாம், ஆர்.என்.ஏ. இருக்கும் நோயை இல்லையென்று காட்டிச் சுடுகாட்டுக்கு அனுப்பலாம். இரண்டுக்கும் வேர், மாதிரியைத் தயாரிக்கும் மேசையில் இருக்கிறது.

ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் நடந்ததைக் கேளுங்கள். சோமாலியாவில் பிறந்த ஓர் இளைஞன், தான் கண்டிராத பெண்ணைக் கெடுத்தான் என்று 2008-இல் ஆறாண்டுச் சிறைத் தண்டனை பெற்றான். கண்ட சாட்சி இல்லை. அன்றிரவு நோயுற்ற தந்தையின் படுக்கையருகே இருந்தேன் என்றான்; உற்றார் அதை உறுதிசெய்தனர். யார் கேட்டார்கள்? டி.என்.ஏ. பேசிவிட்டதே! ஓராண்டுக்கு மேல் சிறையில் வாடியபின், 2009 டிசம்பரில் தீர்ப்பு உடைந்தது. அவனோடு தொடர்பு கொண்டிருந்த வேறொரு பெண்ணிடம், சற்றேறக்குறைய ஒரு நாள் முன்னதாக, அதே மருத்துவமனையில் அதே மருத்துவர் மாதிரி எடுத்திருந்தார். ஒரு மாதிரி மற்றொன்றில் கலந்திருக்க வேண்டும் என்பது தெரிந்தது. ஏழை, கறுப்பன், குடியேறியவன். அவன் சொல்லைவிடக் கண்ணாடிக் குழாயின் சொல் உயர்ந்ததாகிவிட்டது!

இவற்றைக் கூறினால் சிலர் சீறுகின்றனர்: “பகுத்தறிவு பேசும் நீங்களா அறிவியலைப் பழிப்பது?” பழிப்பவர் யாம் அல்லேம்! எதையும் ஏன், எப்படி என்று கேட்பதே அறிவியல். கேளாமல் கும்பிடுவது, சிலைக்கு முன்னால் செய்தாலும் சோதனைக் குழாய்க்கு முன்னால் செய்தாலும், மூடநம்பிக்கையே. சிறையில் வாடும் நிரபராதிகளுக்கு விடுதலை வாங்கித் தந்ததும் இதே டி.என்.ஏ. சோதனைதான். கத்தி கூர்மையானது, ஆகையால்தான் பிடி உறுதியாக இருக்கவேண்டும் என்கிறோம்.

அந்த உறுதிக்கு வழி இருக்கிறது, பெருஞ்செலவும் இல்லை. எவர் மீதும் தேய்க்காத வெற்றுக் குச்சி ஒன்றையும் மாதிரியோடு சேர்த்துச் சோதித்துப் பார்! வெறுமையிலிருந்து விடை வந்தால் விடை பொய். 2020 பிப்ரவரியில் அமெரிக்க அரசின் நோய்த் தடுப்பு மையம் அனுப்பிய கொரோனா சோதனைப் பொருட்களில் குறை இருந்தது. மாநில ஆய்வுக்கூடங்கள் நோய்க்கிருமி இல்லாத வெற்று மாதிரியைச் சோதித்தன. ‘நோய் உண்டு’ என்றது சோதனை! உடனே பிழை பிடிபட்டது. அங்கே சில நாட்களில் அகப்பட்டது, ஜெர்மனியில் பல ஆண்டுகள் அகப்படவில்லை. வேறுபாடு மேதைமையில் இல்லை. வெறுமையைச் சோதித்த பணிவில் இருக்கிறது. தடயப் பொருட்களில் மனித டி.என்.ஏ. கலப்பு இராதபடி காக்கும் உலகத் தரவிதியே 2016-இல்தான் வந்தது!

குச்சி கட்டிய தொழிலாளியைக் குறை சொல்வோரும் உண்டு. அவள் செய்த குற்றம் என்ன? கூலிக்குப் பஞ்சு கட்டினாள். எந்த வேலைக்கு எந்தப் பொருள் வேண்டும் என்று ஆராயாமல் வாங்கிய அதிகாரம் தப்பிக்கலாகாது. கடைசிப் படியில் நிற்பவள் தலையில் பழியைக் கட்டலாகாது.

இங்கே நமக்கு என்ன என்று எண்ணிவிடாதீர்கள்! 2022-இல் இயற்றப்பட்ட குற்றவியல் அடையாளச் சட்டம், கைதானோரின் உயிரியல் மாதிரியை எடுக்க வழிசெய்து, பதிவுகளை 75 ஆண்டுகள் வைத்திருக்கச் சொல்கிறது. 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, ஏழாண்டும் அதற்கு மேலும் தண்டனைக்குரிய குற்றக்களங்களுக்குத் தடய அறிஞர் செல்லவேண்டும் என்கிறது. சட்டம் டில்லியில் எழுதப்படுகிறது. குச்சி பிடிப்பதோ மாநிலக் காவலரின் கை. அந்தக் கைக்குப் பயிற்சி எங்கே? கையுறை எங்கே? மாதிரியை உலர்த்தக் காகித உறை எங்கே? குளிர்பெட்டி எங்கே? 75 ஆண்டு வைத்திருக்கச் சொன்னவர்கள், 75 நிமிடம் மாதிரியை ஒழுங்காகக் காக்கும் வழியைச் செய்தார்களா?

ஆகவே கேட்போம்! வெற்றுச் சோதனை இல்லாத அறிக்கையை மன்றம் ஏற்கலாகாது. எடுத்தவர் யார், காத்தவர் யார், உடைத்தவர் யார் என்ற குறிப்பு ஒவ்வொன்றும் குற்றஞ்சாட்டப்பட்டவன் கைக்கு வரவேண்டும். தொட்டவர் அனைவரின் அடையாளமும் ஒப்பிட்டு நீக்கப்படவேண்டும். டி.என்.ஏ. ஒன்றை மட்டும் நம்பி எவனையும் சிறைக்கு அனுப்பலாகாது.

குழாய் பொய் சொல்லாது என்பார்கள். உண்மை; அதற்கு ஊற்றியதை அது சொல்லும். ஊற்றிய கையை விசாரிக்காத மன்றம், நீதி மன்றம் ஆகாது!