பிடிக்கும் ஆளுக்கும் ஒரு கைதட்டல்

கபடியில் பாடிப் போகிறவருக்குத்தான் விசில் பறக்கும். காத்திருந்து பிடிக்கிறவரை யாரும் கண்டுகொள்வதில்லை. தஞ்சை மாவட்டத்துத் தர்மராஜ் சேரலாதன் பிடித்தே பெயர் வாங்கியவர்.

பாடி வரும் எதிராளிக்கு இருப்பது 30 விநாடி. அவர் போனஸ் கோட்டைத் தொடக் காலை நீட்டும் அந்த ஒரு நொடியில் குனிந்து கணுக்காலைப் பற்ற வேண்டும். கொஞ்சம் முந்தினால் புள்ளி அவருக்குப் போய்விடும். வேகத்தைவிட நிதானம் பேசும் இடம் இது. அதனால்தான் 40 வயதைக் கடந்தும் சேரலாதனால் நிற்க முடிந்தது. 2016இல் பாட்னா பைரேட்ஸ் அணிக்குத் தலைமையேற்றுப் புரோ கபடிக் கோப்பையை வென்றார். அதே ஆண்டு அகமதாபாத்தில் ஈரானை வீழ்த்தி உலகக் கோப்பை வென்ற இந்திய அணியிலும் இருந்தார். இளம் வீரர்களுக்கு அவர் ‘அண்ணா’.

அமெரிக்கக் கால்பந்தில் தடுப்பாட்டக்காரர்களுக்கெனத் தனி விருதே உண்டு. நம் ஊர்ப் போட்டிகளிலும் சிறந்த பிடி வீரருக்கான பரிசைக் கடைசியில் ஒப்புக்குக் கொடுக்காமல், பாடிப் போகிறவருக்கு இணையான தொகையாகக் கொடுக்க வேண்டும்.

உலகத்துக்கே பனியன் தைத்து அனுப்பும் திருப்பூர் முதலாளிகளே, அவிநாசி, பல்லடம் பக்கத்துக் கபடிக் குழுக்களுக்கு ஜெர்சியோடு, பிடி பழக ஒரு மேட்டும் பயிற்சியாளரும் கொடுங்கள்.