ஆய்வுக்கூடத்தில் ‘பிழை’

தமிழ்த்துறை வெளியிடும் மலரில் இயற்பியல் ஆய்வுக்கூடத்தைப் பற்றி எழுதுவானேன் என்று சிலர் வினவக்கூடும். ‘பிழை’ என்னும் சொல்லே என்னை அங்கு இட்டுச் சென்றது.

முதலாண்டு மாணவர் தனிஊசலைக் கொண்டு புவியீர்ப்பு முடுக்கத்தைக் கணக்கிடுகின்றனர். ஒரு மீட்டர் நீளமுள்ள ஊசல் ஒருமுறை ஆடி மீள ஏறத்தாழ 2 நொடிகள் ஆகும். நிறுத்துக் கடிகாரத்தை அழுத்தும் விரல் 0.2 நொடி முந்தலாம், பிந்தலாம். ஓர் அலைவை மட்டும் அளந்தால் இவ்வேறுபாடு நூற்றுக்குப் பத்து. 20 அலைவுகளைச் சேர்த்து அளந்தால் 40 நொடிகளில் அதே 0.2 நொடி, நூற்றுக்கு அரையே. வாய்பாட்டில் அலைவு நேரம் இருமடியாக வருவதால் விடையில் இது இரட்டிக்கும். முன்னதில் நூற்றுக்கு 20, பின்னதில் 1. இருபது அலைவுகளை ஏன் எண்ணுகிறோம் என்பதை இவ்வாறு உணர்ந்தவன் ஒரு திறனைப் பெற்றுவிட்டான். ‘பதிவேட்டில் அப்படித்தான் உள்ளது’ என்பவன் எண்ணக் கற்றான், அளக்கக் கற்கவில்லை.

இந்த ஏற்ற இறக்கத்தை ஆங்கிலத்தார் ‘எர்ரர்’ என்பர். நாம் ‘பிழை’ எனப் பெயர்த்துக்கொண்டோம். தமிழில் பிழை என்றாலே குற்றம். பொறுத்தருள வேண்டப்படுவது, மறைக்கப்படுவது. திருகு அளவியின் சுழி விலகி நிற்பதைச் ‘சுழிப்பிழை’ என்பது பொருந்தும். அது கருவியின் குறை, கண்டு நீக்கலாம். கருவியின் மீச்சிற்றளவாலும் மனிதக் கையின் இயல்பாலும் எஞ்சி நிற்பதோ எவர் குற்றமும் அன்று. அதற்கு ‘ஐயப்பாடு’ என்றோ ‘உறுதியின்மை’ என்றோ பெயரிடுதல் நன்று. இலக்கணக்காரரின் வீம்பு என இயற்பியல் துறை நண்பர்கள் நகைப்பர், நகைக்கட்டும்.

சொல்லால் விளையும் அச்சம் சிறிதன்று. விடை பிழையாகிவிடுமோ என்று அஞ்சும் மாணவன் விடையிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு அளவீடுகளை இட்டு நிரப்புகிறான். முடிவில் 9.81 என்று அழகாக எழுதுகிறான். வேடிக்கை என்னவெனில், 9.81 என்பது இலண்டன் நகரத்து மதிப்பு. சென்னையில் அது ஏறத்தாழ 9.78, துருவங்களில் 9.83. நம் மண்ணில் நேர்மையாக அளந்து, ‘9.7, ஐயப்பாடு 0.1’ என்று எழுதியவன் மெய்யை எழுதினான். முழு மதிப்பெண் பெற்றவன் அயலூர் எண்ணை எழுதினான்!

ஏடு பார்த்துப் பதிப்பித்த உ.வே.சாமிநாதையர் பிரதிபேதங்களை மறைக்காது அடிக்குறிப்பிற் காட்டினார். மாறுபட்ட அளவீட்டையும் அவ்வாறே போற்ற வேண்டும். அதை அழிப்பானால் அழிக்காமல், ஒரு கோட்டால் அடித்து, அருகே புதியதை எழுதுக. பழையதும் படிக்கத்தக்கதாய் நிற்கட்டும். எதிர்பாராதது எப்போது பயன்தரும் என்பதை யார் அறிவார்? சென்னை மாநிலக் கல்லூரி மாணவராயிருந்த சி.வி.இராமன், முப்பட்டகத்தின் முகத்தில் ஒளி மிகச் சாய்வாகப் பட்டு எதிரொளிக்கையில் தோன்றிய சமச்சீரற்ற விளிம்பு விளைவுப் பட்டைகளைக் கண்டு, அவற்றை ஆராய்ந்து 1906இல் கட்டுரை வெளியிட்டார். அப்போது அவருக்கு வயது 18. நிறமாலைமானியும் முப்பட்டகமும் நம் ஆய்வுக்கூடத்து மேசையிலும் உள்ளன. பாடத்தில் இல்லாத பட்டை தென்பட்டால் நம் மாணவன் அதைக் குறித்துக்கொள்வானா, கருவியைத் திருப்பி வைப்பானா?

செய்முறைத் தேர்வில் இறுதி விடைக்குரிய மதிப்பெண்ணைக் குறைத்து, அளவீட்டு நோட்டுக்கும் ஐயப்பாட்டுக் கணக்குக்கும் கூட்ட வேண்டும் என்பது என் கருத்து. ஆசிரியப் பெருமக்கள் சிந்திப்பாராக. சமுதாயப் பெரியோர்க்கும் ஒரு விண்ணப்பம். நால்வருக்கு ஒரு கருவி என்றால் ஒருவன் அளப்பான், மூவர் பார்த்தெழுதுவர். கட்டடத்திற்கு வாரி வழங்கும் கரங்கள் திருகு அளவிகளுக்கும் நிறுத்துக் கடிகாரங்களுக்கும் சிறிது நீளுமாயின், இருவருக்கு ஒன்றேனும் கிட்டும்.