ராத்திரி 8 மணி வரை வேலை: பரோட்டாவோடு கணக்குத் தீருமா?

கார் சர்வீஸ் ஊழியர்களின் ஓவர்டைம் பற்றி சட்டம் என்ன சொல்கிறது?

தீபாவளி நெருங்கினால் விருதுநகர் நாற்கரச் சாலையில் வண்டிக்குப் பஞ்சம் இல்லை. சிவகாசியில் பட்டாசு ஏற்ற வரும் லாரி, வேன், வெளியூர் கார் என்று ஓயாத ஓட்டம். பிரேக் தேய்ந்ததும் கிளட்ச் போனதும் சர்வீஸ் பட்டறைக்குத்தான் வந்தாக வேண்டும். மெக்கானிக்குக்கு 6 மணி சங்கு ஊதினாலும் வேலை முடியாது.

"அண்ணாச்சி, நேத்தும் ராத்திரி 8 மணி ஆயிருச்சு" என்று பையன் தலையைச் சொறிவான். "சீசன் நேரம்ல தம்பி! எண்ணெய்ப் பரோட்டா வாங்கித் தந்தேன்ல?" என்பார் முதலாளி. பேச்சு அதோடு முடிந்துவிடும்.

ஆனால் சட்டத்தின் கணக்கு அதோடு முடிவதில்லை.

இரட்டிப்புச் சம்பளம்

தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டம் 1947-ல் வந்தது. நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம்தான் வேலை. ஓவர்டைம் சேர்த்தாலும் நாளுக்கு 10 மணி, வாரத்துக்கு 54 மணியைத் தாண்டக் கூடாது. கூடுதல் நேரத்துக்கு இரட்டிப்புச் சம்பளம்!

பெரிய பட்டறைகளின் கதை வேறு. 1948-ம் வருட தொழிற்சாலைச் சட்டம், பழுது பார்ப்பது, எண்ணெய் போடுவது, கழுவுவது எல்லாவற்றையும் உற்பத்தி வேலையாகவே எண்ணியது. மின்சாரம் உபயோகித்து 10 பேர் வேலை பார்த்தாலே அது தொழிற்சாலை. 2025 நவம்பர் 21-ல் அமலான புதிய சட்டத் தொகுப்பு அந்த 10 பேரை 20 பேர் ஆக்கிவிட்டது. ஆனால் இரட்டிப்புச் சம்பளத்தில் மாற்றம் இல்லை.

கணக்கு இதோ: மாதச் சம்பளம் 15,600 ரூபாய். 26 வேலை நாள் என்றால் நாளுக்கு 600, மணிக்கு 75. ஓவர்டைம் என்றால் மணிக்கு 150. தினமும் 2 மணி நேரம் கூடுதலாக நின்றால் 300 ரூபாய். ஒரு தட்டு பரோட்டா இதற்கு ஈடாகுமா?

அமெரிக்காவில் நடந்தது

கார் விற்கும் கம்பெனிகளின் விற்பனையாளர், உதிரிபாகக்காரர், மெக்கானிக் ஆகியோருக்கு ஓவர்டைம் கட்டாயம் இல்லை என்று அமெரிக்க மத்திய சட்டமே சொல்கிறது. வண்டியின் குறையைக் கேட்டு எழுதிக்கொள்ளும் 'சர்வீஸ் அட்வைசர்' இதில் சேருவாரா? லாஸ் ஏஞ்சல்ஸ் ஊழியர்கள் தொடுத்த வழக்கு அது. 2018 ஏப்ரலில் 9 நீதிபதிகளில் 5 பேர் "சேருவார்" என்றார்கள். ஊழியர்கள் தோற்றார்கள்.

இங்கே கார் கம்பெனிக்கு அப்படித் தனிச் சலுகை கிடையாது. 2020-ல் கொரோனாவைக் காட்டி, கூடுதல் நேரத்துக்குச் சாதாரணச் சம்பளம் போதும் என்று குஜராத் அரசு உத்தரவு போட்டது. அதே ஆண்டு அக்டோபர் 1-ல் சுப்ரீம் கோர்ட்டு அதை ரத்து செய்தது.

பட்டம் மட்டும் போதாது

ஆனாலும் ஒரு ஓட்டை உண்டு. மேற்பார்வை வேலை பார்த்து மாதம் 18 ஆயிரத்துக்கு மேல் வாங்குகிறவர் புதிய தொகுப்பில் தொழிலாளி ஆக மாட்டார். இதனால் ஸ்பேனர் பிடிப்பவருக்கும் 'சூப்பர்வைசர்' பட்டம் கிடைக்கலாம். பயப்பட வேண்டாம். பட்டம் என்ன என்பதைவிட, பார்த்த வேலை என்ன என்பதைத்தான் கோர்ட்டு பார்க்கும்.

அதற்கு ஆதாரம் வேண்டும். வந்த நேரம், போன நேரத்தைத் தினமும் குறித்து வைக்க வேண்டும். ஜாப் கார்டில் உள்ள நேரமும் கைகொடுக்கும். தொழிலாளர் துறையில் மனு கொடுக்கும்போது பேசப்போவது அந்தக் காகிதம்தான்.

கடை முதலாளிகளுக்கும் இது பொருந்தும். சீசனில் வருகிற லாபத்தில், ராத்திரி வரை நின்றவனின் பங்கும் இருக்கிறது. அது தர்மம் அல்ல, கூலி!