மருந்தின் நான்கு கூறுகள்

மருந்து என்றதும் குளிசை ஒன்றே நம்மிற் பலருடைய நினைவுக்கு வருகின்றது. வள்ளுவப் பெருந்தகை அங்ஙனம் கருதினாரல்லர். நோயுற்றவன், நோயைத் தீர்ப்பவன், மருந்து, அருகிருந்து பேணுபவன் ஆகிய நான்கும் கூடியதே மருத்துவம் என வகுத்தார். இவற்றுள் ஒன்று தவறினும் நன்மருந்தும் தீங்காய் முடியலாம். கிளின்டமைசின் என்னும் மருந்தின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

முதலில் மருந்தை நோக்குவோம். அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்து லிங்கன் நகர மண்ணிற் கிடைத்த நுண்ணுயிர் ஒன்று லிங்கோமைசினைத் தந்தது. ஊரின் பெயரே மருந்திற்கும் பெயராயிற்று. 1966 இல் அதனைச் சிறிது மாற்றி ஆக்கப்பட்டதே கிளின்டமைசின். பற்றீரியாக்கள் புரதம் ஆக்குவதைத் தடுத்து, அவற்றின் பெருக்கத்தை இது நிறுத்துகின்றது. தோல், எலும்பு, பல் ஆகியவற்றில் உண்டாகும் சில தொற்றுக்களுக்கு, சிறப்பாகப் பெனிசிலின் ஒவ்வாதவர்க்கு, இது பெரிதும் கைகொடுத்துள்ளது.

1974 இல் அமெரிக்காவின் சென் லூயிஸ் நகர வைத்தியர்கள், இம்மருந்தை உட்கொண்ட 200 பேரை அவதானித்து எழுதினர். 42 பேருக்கு வயிற்றோட்டம் கண்டது. 20 பேருக்குப் பெருங்குடலின் உட்சுவரிற் படலம் படர்ந்த கடும் அழற்சி இருந்தது. பிற்கால ஆய்வுகள் பலவற்றில் இவ்வீதம் மிகக் குறைவே. எனினும் எச்சரிக்கை நிலைத்துவிட்டது.

இதன் காரணம் 1978 அளவிற் புலனாயிற்று. நமது குடலில் எண்ணற்ற நுண்ணுயிர்கள் குடியிருக்கின்றன. அவை நிறைந்திருக்கும்வரை தீயன எளிதில் தலையெடுக்கமாட்டா. நோய்க்கிருமியை அழிக்கச் சென்ற மருந்து இக்குடிகளுட் பலவற்றையும் அழித்துவிடுகின்றது. வெறுமையாய்க் கிடக்கும் வயலிற் களை மண்டுவது போல, குளொஸ்திரிடியம் டிபிசில் என்னும் பற்றீரியா பெருகி நஞ்சைச் சுரக்கின்றது. வேறு நுண்ணுயிர்கொல்லிகளாலும் இது நேரக்கூடும். கிளின்டமைசினால் நேரும் வாய்ப்பு அதிகம்.

இனி, தீர்ப்பவராகிய வைத்தியர். வேறு மருந்து போதுமாயின் இதனை விலக்குவதே இன்றைய முறை. இருதய நோயாளருக்குப் பல் வைத்தியத்தின் முன் முற்காப்பாக இதனைக் கொடுக்கும் வழக்கத்தை, அமெரிக்க இருதயச் சங்கம் 2021 இற் கைவிட்டது. பெனிசிலின் தமக்கு ஒவ்வாது என எண்ணியிருப்போருட் பெரும்பாலார்க்கு, பரிசோதிக்குமிடத்து, ஒவ்வாமை காணப்படுவதில்லை. ஆதலால், “ஒவ்வாது” என்று மட்டும் கூறாது, எப்போது, என்ன நேர்ந்தது என்பதையும் வைத்தியரிடம் விளக்குதல் வேண்டும்.

மூன்றாவதாக நோயாளர். தடிமனுக்கும் சளிச்சுரத்திற்கும் காரணம் வைரசு. இம்மருந்து அவற்றை அணுவளவும் அசைக்காது. சென்ற முறை எஞ்சிய குளிசையை அவற்றிற்காக விழுங்குவதும், அயலார்க்கு ஈவதும் ஆகா. வைத்தியர் விதித்தபோது, ஒரு குவளை நிறைய நீருடன் விழுங்கி, உடனே படுக்காதிருத்தல் வேண்டும். தொண்டைக்குக் கீழே உணவுக்குழாயிற் குளிசை தங்கினாற் புண்ணாகும். உண்ணும் நாட்களிலோ, முடித்து இரண்டு மாதங்கள் வரையிலோ, நீர்த்த வயிற்றோட்டம் பலமுறை ஏற்பட்டாலும், மலத்தில் இரத்தம் கண்டாலும் தாமதியாது வைத்தியரை நாடுக. ஓட்டத்தை நிறுத்தும் மருந்தைத் தாமாக வாங்கி உண்ணுதல் நஞ்சைக் குடலுள் அடைத்து வைப்பதாய் முடியலாம்.

இறுதியாக, பேணுபவர். இந்நோய் முதியோரையே பெரிதும் வருத்தும். அவர்களோ வயிற்றுக் கோளாறைச் சொல்ல நாணுவர். நாமே வினவி அறிதல் வேண்டும். இக்கிருமியின் வித்திகள் மதுசாரம் சேர்ந்த கை மருந்துகளால் அழிவதில்லை. சவர்க்காரமிட்டு ஓடும் நீரிற் கைகழுவுதலே தக்கது.

வீட்டில் மருந்துக் கொப்பி ஒன்று இருப்பின், மாணவப் பிள்ளைகள் ஒரு பணியை ஏற்கலாம். பாட்டனார்க்கு எந்த மருந்து, எந்தத் திகதியில் தொடங்கி, எப்போது முடிந்தது என எழுதி வைக்கட்டும். இரண்டு மாதங்களுக்குப் பின் வேறொரு வைத்தியர் வயிற்றோட்டத்தின் காரணத்தைத் தேடுகையில், அந்த ஒரு வரி அவருக்கு வழிகாட்டும்.