ஃப்ளோரன்ஸில் வாடகை கார்: எங்கே ஓட்டலாம், எங்கே நிறுத்தணும்?

இத்தாலியைச் சுற்றிப் பார்த்துவிட்டு ஊர் திரும்பி மாதக்கணக்காகியிருக்கும். சொந்தபந்தங்கள் எல்லோரும் போட்டோ பார்த்து முடித்திருப்பார்கள். அப்போது கிரெடிட் கார்டில் திடீரென்று ஒரு தொகை பிடிக்கப்படும். பின்னாலேயே இத்தாலியிலிருந்து ஒரு தபால் வரும். இன்ன தேதியில், இன்ன நேரத்தில் தடை செய்யப்பட்ட பகுதிக்குள் கார் நுழைந்ததாம், அபராதம் கட்டணுமாம்!

வாடகை கார் எடுத்து ஃப்ளோரன்ஸைச் சுற்றிய பலருக்கும் இந்த அனுபவம் உண்டு. விஷயம் தெரிந்து போனால் தவிர்ப்பது சுலபம்.

கண்ணுக்குத் தெரியாத கதவு

ஃப்ளோரன்ஸின் பழைய நகரம் 1982 முதல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இருக்கிறது. கார் என்ற ஒன்றே இல்லாத காலத்தில் உருவான சந்துகள் அவை. கண்ட வண்டியும் நுழைந்தால் அங்கே குடியிருப்பவர்கள் நடக்கக்கூட முடியாது. அதனால் அந்தப் பகுதியை 'ஸோனா டிராஃபிகோ லிமிடாட்டோ', அதாவது போக்குவரத்துக் கட்டுப்பாட்டுப் பகுதியாக அறிவித்திருக்கிறார்கள்.

அங்கே தடுப்புக் கம்பியோ போலீஸ்காரரோ இருப்பார் என்று எதிர்பார்க்கக் கூடாது. சிவப்பு வளையமிட்ட வெள்ளை வட்டப் பலகையும் ஒரு கேமராவும்தான் காவல். மின்பலகையில் 'வார்கோ அத்திவோ' என்று இருந்தால், கட்டுப்பாடு அமலில் இருக்கிறது, நுழையக் கூடாது என்று அர்த்தம். மீறினால் நம்பர் பிளேட் படமாகிவிடும். வாடகை நிறுவனம் ஓட்டியவரின் விவரத்தைப் போலீஸுக்குக் கொடுத்துவிட்டு, அதற்கென்று ஒரு கட்டணமும் பிடித்துக்கொள்ளும். அபராதம் அதற்கு மேல் தனி. வெளிநாட்டில் வசிப்பவருக்கு நோட்டீஸ் அனுப்ப இத்தாலியச் சட்டம் 360 நாள் அவகாசம் தருகிறது. நோட்டீஸ் கைக்கு வந்த 5 நாளுக்குள் கட்டினால் 30 சதவிகிதம் குறையும்.

தங்கும் விடுதி பழைய நகரத்துக்குள் இருந்தால், வண்டி எண்ணை விடுதிக்காரரிடம் சொல்லி முன்கூட்டியே பதிவு செய்யச் சொல்லலாம். போனில் மேப் காட்டும் குறுக்குவழியை மட்டும் நம்பிப் போகக் கூடாது.

ஊருக்குள் கால், ஊருக்கு வெளியே கார்

முதல் இரண்டு நாள் கார் வேண்டவே வேண்டாம். புரூனெல்லெஸ்கி 1420-ல் தொடங்கி 1436-ல் முடித்த தேவாலயக் குவிமாடம், இரண்டாம் உலகப்போரில் நகரத்தின் மற்றப் பாலங்கள் எல்லாம் தகர்க்கப்பட்டபோதும் தப்பிய பொன்டே வெக்கியோ பாலம், உஃபிட்ஸி ஓவியக்கூடம் என முக்கியமான இடங்கள் எல்லாம் நடக்கும் தூரத்தில்தான். மூன்றாம் நாள் டிராம் ஏறி விமான நிலையம் போய், அங்கே காரை எடுத்துக்கொள்ளலாம். வாடகையும் மிச்சம், பார்க்கிங் செலவும் மிச்சம்.

வேறு ஊரிலிருந்து காரிலேயே வருபவர்களுக்கு ஏ1 நெடுஞ்சாலையில் 'விலா கோஸ்தான்ஸா' வாகன நிறுத்தம் இருக்கிறது. அங்கே காரை விட்டுவிட்டு டிராமில் நகரத்துக்குப் போய்விடலாம்.

மலைமேல் ஊர்கள்

காருக்கு உண்மையான வேலை சுற்றுப்புறத்தில்தான். சியெனாவுக்குச் சுங்கமில்லாத விரைவுச்சாலை இருக்கிறது. நேரம் இருப்பவர்கள் எஸ்.ஆர்.222 சாலையைப் பிடிப்பது நல்லது. திராட்சைத் தோட்டங்கள், ஆலிவ் மரங்கள், முக்கோண வடிவச் சந்தைத் திடல் கொண்ட கிரேவே என்று கியான்டி வட்டாரம் முழுவதும் வழியிலேயே வரும். அங்கிருந்து சான் ஜிமின்யானோ போகலாம். அந்தக் காலத்துப் பணக்காரக் குடும்பங்கள் போட்டி போட்டுக் கட்டிய கல்கோபுரங்கள் ஒரு காலத்தில் 70-க்கும் மேல் இருந்தனவாம். இன்று எஞ்சியிருப்பவை 14. லியோனார்டோ டா வின்சி பிறந்த வின்சியும் பக்கம்தான். சியெனாவில் ஜூலை 2, ஆகஸ்ட் 16 தேதிகளில் பாலியோ குதிரைப் பந்தயம் நடக்கும். அன்று காரில் போனால் திண்டாட்டம்தான்.

இந்த ஊர்களிலும் கோட்டைக்குள் காருக்கு அனுமதி இல்லை. மதிலுக்கு வெளியே நிறுத்திவிட்டு ஏறித்தான் போகணும். வயசானவர்களை வாசல் பக்கம் இறக்கிவிட வழி உண்டா என்று முன்பே விசாரித்துக்கொள்வது நல்லது.

கிளம்பும் முன்

* இந்திய லைசென்ஸுடன் சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் அவசியம். ஆர்.டி.ஓ. மூலம் கிடைக்கும், ஓராண்டு செல்லும்.
* வண்டி வலப்பக்கம் ஓடும், ஸ்டீயரிங் இடப்பக்கம். ஆட்டோமேட்டிக் கார் வேண்டுமென்றால் முன்பே பதியணும்.
* வேக வரம்பு சுங்க நெடுஞ்சாலையில் 130 கி.மீ., மழையில் 110, ஊருக்குள் 50.
* வெள்ளைக் கோடு இலவச நிறுத்தம், நீலம் கட்டணம், மஞ்சள் மற்றவர்களுக்கு ஒதுக்கியது.
* பங்க்கில் 'பென்ஸினா' என்றால் பெட்ரோல், 'கஸோலியோ' என்றால் டீசல். மாற்றிப் போட்டால் பயணம் அங்கேயே நின்றுவிடும்.
* கியான்டி ஒயினுக்குப் பேர்போன இடம். கார் ஓட்டுபவருக்கு மட்டும் அன்றைக்குத் தண்ணீர்தான்!

ஃப்ளோரன்ஸில் கடைசி மாலையை மிக்கேலாஞ்சலோ சதுக்கத்துக்கு ஒதுக்கலாம். அது ஆற்றுக்கு அக்கரையில், மேட்டில் இருக்கிறது. அர்னோ ஆறும் பாலங்களும் செந்நிற ஓட்டுக் கூரைகளும் அங்கிருந்து ஒரே பார்வையில் அடங்கும். அந்தக் கூரைகளுக்குக் கீழே இன்றும் சனங்கள் குடும்பம் நடத்துகிறார்கள். காரை வெளியே விட்டுவிட்டுப் போவது, அவர்கள் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றுகிற மாதிரி ஒரு மரியாதைதான்.