நாலு போர்ஷன், ஒரே மீட்டர்

மக்களே, ஒரு வீட்டு ஓனர் பையனோட புலம்பல் இது. "உக்காந்த இடத்துல வாடகை"ன்னு ஆபீஸ்ல கலாய்க்கறாங்க. எங்க நாலு போர்ஷனுக்கும் ஒரே மோட்டார்; ராத்திரி 11 மணிக்கு காயில் போனா ஓடறது அப்பாதான். ஒரு போர்ஷன் ரெண்டு மாசம் காலியா கிடந்தா அந்த வருஷ பெயிண்ட் காசு அவுட்.

அதுக்காக கரண்ட்ல கை வைக்கலாமா? 2016ல வீட்டு இணைப்புக்கு ரெண்டு மாசத்துக்கு 100 யூனிட் இலவசம்னு வந்துச்சு. ஒரே இணைப்புல சப் மீட்டர் மாட்டின ஓனர்கள் முதல் யூனிட்லேர்ந்தே காசு வாங்கினாங்க. எங்கப்பாவும்தான்! நாலு குடும்பம் ஒரே மீட்டர்ல ஓடினா ஸ்லாப் ஏறி ரேட்டும் ஏறும். அதுவும் குடித்தனக்காரங்க தலையில. கேட்டா, "மோட்டார் செலவு யார் குடுப்பா?"ங்கறார்.

ஓனர்களே, போர்ஷனுக்கு ஒரு இணைப்பு வாங்குங்க. மோட்டார் பில்லை நாலா பிரிங்க. செலவை வாடகைல நேரா கேளுங்க, மீட்டர்ல ஒளிக்காதீங்க.

(அப்பா பதிவெல்லாம் படிக்க மாட்டார்ங்கற தைரியம்தான் :-))