தலையில் பட்ட அடி

லயத்துப் படியிலோ கொய்யா மரத்திலோ இருந்து விழுந்த பிள்ளை மறுநாள் ஓடி விளையாடினால், எல்லாம் சரியாகிவிட்டது என்றே வீட்டார் நினைப்பார்கள். ஆனால் தலையில் பலமாகப் பட்ட அடியின் பாதிப்பு சில பிள்ளைகளிடம், பாடங்கள் கடினமாகும் வகுப்புகளில்தான் தெரியவரும்: மறதி, கவனக்குறைவு, காரணமில்லாத கோபம். வலிப்பு வருடங்கள் கழித்தும் வரலாம். அப்போது பழைய அடி யாருக்கும் நினைவிருக்காது. பிள்ளைக்கு ‘மக்கு’ என்ற பெயர்தான் மிச்சம்.

ஆகவே, விழுந்த திகதியையும் மயக்கம் இருந்ததா என்பதையும் எழுதி, தோட்ட வைத்தியசாலையில் பெற்றோர் கையில் ஒரு துண்டு கொடுக்க வேண்டுமென நிர்வாகங்களிடம் கோருகிறோம். அதைப் பாடசாலையிலும் காட்டுங்கள்.

திரும்பத் திரும்ப வாந்தி, வலிப்பு, எழுப்ப முடியாத தூக்கம் என்றால் விடியும்வரை காத்திருக்க வேண்டாம். 1990க்கு அழையுங்கள், அந்த அம்புலன்ஸுக்குக் கட்டணம் கிடையாது. அது ஏற முடியாத டிவிசன் பாதைகள் எவையென்று தோட்டத் தலைவர்கள் எமக்கு எழுதி அனுப்புங்கள்.